கட்ட ஏலாதெண்டால் ஏன் எடுத்தவள்?

கிழமையில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன்னர், யாராவது ஒருத்தியின் வீட்டு முற்றத்தில் கடன் குழு கூடும். சில பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு கொப்பி, கம்பனியின் பெயர் அச்சடித்த சேட்டுப் போட்ட ஒரு பொடியன். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் போருக்குப் பிந்திய பத்து ஆண்டுகளில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காட்சி தெரியும். ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. ஒருத்தி வராவிட்டால் அவளுடைய கட்டுக்காசை மற்றவர்கள் பிரித்துப் போடவேண்டும். போடும்வரை கூட்டம் கலையாது. வீட்டில் உலை வைக்கவில்லை, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் நேரம். அப்போது ஒருத்தியின் வாயிலிருந்து வரும்: "கட்ட ஏலாதெண்டால் ஏன் எடுத்தவள்?"

கேட்டவள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. வராதவள் ஊதாரி, பொறுப்பில்லாதவள், கள்ளி என்ற முடிவு கேள்விக்கு முன்னரே வந்துவிட்டது. இதில் வியப்பு என்னவென்றால், கேட்டவளுக்கு வராதவளின் நிலைமை ஐயந்திரிபறத் தெரியும். அவளும் அதே வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியவள்தான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2009இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குடும்பத்துக்கும் கையில் எதுவும் மிஞ்சவில்லை. முகாமில் இருந்து திரும்பியவர்கள் தறப்பாளின் கீழ் இருந்தார்கள். இந்திய அரசின் வீட்டுத்திட்டம் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகளைப் பொறுப்பேற்றது. பெரும்பாலானவற்றை உரிமையாளரே கட்டவேண்டும். வீட்டுக்கு 5,50,000 ரூபா, பகுதி பகுதியாக. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொன்று. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கட்டத் தொடங்கினால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் எங்கே போகும்? சுவர் கூரைமட்டத்துக்கு வர முதலே காசு முடிந்தது. அந்தக் கட்டம் முடியாமல் அடுத்த பகுதி வராது. முடிப்பதற்குக் கடன். அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கம்பனியின் கடன். ஏ9 வீதி திறந்த கையோடு நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்திருந்தன. கடன் கேட்டுப் போகத் தேவையிருக்கவில்லை, கடன் படலையடிக்கு வந்தது. பிறகு 2016, 2017இல் நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி. வயல் இல்லை, கூலி வேலையும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தி, எதுவுமே தெரியாதவள்போல, ஒரு கணத்தில் தீர்ப்புச் சொல்கிறாள். அந்த ஒரு கணத்துக்குள் மண்டைக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை உளவியலாளர்கள் அறுபது ஆண்டுகளாக ஆராய்கிறார்கள்.

1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹரிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சில கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்தார்கள். கியூபாவின் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்துச் சில, எதிர்த்துச் சில. எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தெரிவு செய்யவில்லை, ஆசிரியர் சொன்னபடி எழுதினார் என்று வாசித்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படியிருந்தும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளர்தான் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கட்டளையைக் கேட்டார்கள், நம்பினார்கள், ஆனால் கணக்கில் போதிய அளவு எடுக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1977இல், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லீ ரொஸ் இதற்கு 'அடிப்படைப் பண்பேற்றப் பிழை' என்று பெயர் வைத்தார். ஒருவர் செய்ததற்குக் காரணத்தை அவருடைய குணத்தில் தேடுவதும், அவர் நின்ற சூழலைக் குறைத்து மதிப்பிடுவதும் அந்தப் பிழை. 'அடிப்படை' என்று சொன்னதால் இது மனிதகுலம் முழுவதற்கும் பொது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அவசரத்தைப் பிறகு பார்ப்போம்.

தீர்ப்பு ஏன் அவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்கு நான் அறிந்தவரை மிகக் கூர்மையான விளக்கம் டானியல் கில்பேர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1988இல் செய்த பரிசோதனையில் இருக்கிறது. ஒலியில்லாத வீடியோ ஒன்று. ஒரு பெண் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். விரலைப் பிசைகிறாள், கதிரையில் நெளிகிறாள், பதற்றம் அப்பட்டமாகத் தெரிகிறது. எதைப்பற்றிப் பேசுகிறாள் என்பது திரையின் கீழே எழுத்தில் வரும். சிலருக்கு, அவள் தன் அந்தரங்க ஆசைகளைப் பற்றியும் வெட்கக்கேடான அனுபவங்களைப் பற்றியும் பேசவைக்கப்பட்டதாகக் காட்டினார்கள். வேறு சிலருக்கு, உலகப் பயணம்போன்ற சாதாரண விடயங்கள். பார்த்து முடிந்ததும் கேள்வி: இவள் இயல்பிலேயே பதற்றமானவளா?

அமைதியாகப் பார்த்தவர்கள் நியாயமாக நடந்தார்கள். அப்படிப்பட்ட விடயத்தைப் பேசச் சொன்னால் யார்தான் நெளியமாட்டார் என்று கழித்துவிட்டுச் சொன்னார்கள். ஆனால் இன்னொரு பகுதியினருக்கு ஒரு மேலதிக வேலை கொடுக்கப்பட்டிருந்தது: கீழே வரும் தலைப்புகளை மனப்பாடம் செய்யவேண்டும். இவர்கள் தலைப்புகளை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அவள் நெளிந்ததன் காரணமே அந்தத் தலைப்புகள்தான். என்றாலும் தீர்ப்பில் அவற்றைப் பயன்படுத்த இவர்களால் முடியவில்லை. அவள் பதற்றக்காரி என்று எழுதிவிட்டார்கள். நிலைமையை அறிந்திருப்பது ஒன்று, தீர்ப்புக்கு முன் அதைக் கழிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மன உழைப்பு ஒன்று தேவைப்படுகிறது. செயலைக் காண்கிறோம், குணப் பெயரை ஒட்டுகிறோம், பிறகு நேரமும் தெம்பும் இருந்தால் திருத்துகிறோம். முதல் இரண்டும் தானாக நடக்கும். மூன்றாவதற்கு வேலை செய்யவேண்டும்.

உலை வைக்காமல் வெயிலில் இருக்கும் பெண்ணுக்கு அந்த மூன்றாவது வேலைக்குத் தெம்பு எங்கே? மாத முடிவில் இத்தனை இலட்சம் சேர்த்துக் காட்டவேண்டிய பொடியனுக்கும் அதே நிலைதான். அவனைப் பற்றியும் ஊரில் ஒரு தீர்ப்பு உண்டு, அதுவும் அவனுடைய குணத்தைப் பற்றியதுதான்.

இனி மைசூருக்குப் போகலாம். ஜோன் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், ரொஸ் வைத்த பெயரில் இருந்த 'அடிப்படை' என்ற சொல்லை ஐயுற்றார். சிக்காகோவிலும் மைசூரிலும் 8, 11, 15 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சந்தித்து, தங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த நல்ல காரியம் ஒன்றையும் கெட்ட காரியம் ஒன்றையும் சொல்லும்படியும், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கும்படியும் கேட்டார். 1984இல் வெளியான முடிவு உளவியலில் ஒரு திருப்பம். பெரியவர்களில், அமெரிக்கர்கள் தந்த காரணங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பொதுவான குணத்தைப் பற்றியவை. மைசூர் இந்துக்களிடம் அது 20 சதவீதத்துக்கும் குறைவு. சூழ்நிலையைச் சொன்ன காரணங்களில் இதே கணக்கு அப்படியே தலைகீழ். அவர் யாருக்கு என்ன உறவு, அன்றைக்கு அவருக்கு என்ன கடமை, யார் என்ன சொல்லியிருந்தார்கள் என்பவைதான் மைசூர்க்காரர்களின் விளக்கங்களை நிறைத்திருந்தன.

ஒரு கதை இந்த ஆய்விலிருந்து பாடநூல்களுக்குள் போய்விட்டது. மோட்டார் சைக்கிளின் பின்சில்லு வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். ஓட்டியவர் ஒரு வழக்கறிஞர். காயப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, காயம் எவ்வளவு பாரதூரமானது என்று வைத்தியரைக் கேளாமல், வழக்கிருந்தபடியால் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். காயப்பட்டவர் இறந்துபோனார். இதைச் சொன்னவர் ஓர் இந்தியர். அமெரிக்கர்களிடம் விளக்கம் கேட்டபோது, அவர் பொறுப்பற்றவர், தன் தொழிலில் மட்டும் குறியானவர் என்று வந்தது. கதை சொன்ன இந்தியரோ, கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது அவருடைய கடமை, குழம்பியும் போயிருப்பார், காயம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்திராது என்றார். அவர் செய்தது சரியென்று அந்த இந்தியர் சொல்லவில்லை. பிழை பிழைதான். காரணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இரு ஊர்களும் பிரிந்தன.

இந்த ஆய்வில் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது பிள்ளைகளின் பகுதி. எட்டு வயதில் சிக்காகோப் பிள்ளைக்கும் மைசூர்ப் பிள்ளைக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏறத்தான் இடைவெளி அகல்கிறது: அமெரிக்கப் பிள்ளை குணத்தின் பக்கம் நகர்கிறது, மைசூர்ப் பிள்ளை சூழலின் பக்கம். மைசூரிலேயே வாழ்ந்த, மேற்கத்திய வளர்ப்புக் கூடிய ஆங்கிலோ இந்தியர்கள் நடுவில் நின்றார்கள். ஆக, இது கண்ணோடும் மூளையோடும் பிறந்த பிழையல்ல. அம்மா, பெரியம்மா, வாத்தியார் எல்லோரும் மற்ற மனிதரைப் பற்றிப் பேசும் விதத்திலிருந்து பிள்ளை பொறுக்கிக்கொள்வது. மனிதர் என்றால் தன் குணத்தைத் தன்னுள்ளே சுமந்துகொண்டு எங்கும் ஒரே மாதிரி நடப்பவர் என்று ஒரு சமூகம் கருதினால், அதன் பிள்ளைகள் செயலைக் கண்டவுடன் குணத்தைத் தேடும். மனிதர் என்றால் மாமனுக்கு மருமகள், விதானையாருக்கு முறைப்பாட்டுக்காரி, பிள்ளைக்குத் தாய் என்று கருதும் சமூகத்தில் தேடல் வேறு பக்கம் போகும்.

பத்து ஆண்டுகள் கழித்து மைக்கல் மொரிஸும் கைப்பிங் பெங்கும் மீன்களைக் கொண்டுவந்தார்கள். கணினித் திரையில் ஒரு மீன் தனியே முன்னால் நீந்துகிறது, பின்னால் ஒரு கூட்டம். ஏன் அது முன்னால் போகிறது? மொரிஸ் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களிடம் இதைக் கேட்டிருந்தால், அது என்ன மீன், எந்த மாதம், நீரோட்டம் வடக்கா தெற்கா என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். ஆய்வு அன்றோடு முடிந்திருக்கும். அவர்கள் கேட்டது அமெரிக்க மாணவர்களையும் சீன மாணவர்களையும். அமெரிக்கர்கள் அந்த மீனின் உள்ளேயுள்ள காரணத்தைக் கூடுதலாகச் சொன்னார்கள்: அது தலைவன், வழிகாட்டுகிறது. சீனர்கள் மற்ற மீன்களைப் பார்த்தார்கள்: பின்னால் வருபவை அதைத் துரத்துகின்றன.

மீனை விட்டுவிட்டு மனிதரிடம் வந்தபோதும் அதேதான். 1991 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு கொடூரமான துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அயோவா பல்கலைக்கழகத்தில், அங்கேயே படித்து முடித்திருந்த கங் லூ என்ற சீனர் பேராசிரியர்களைச் சுட்டார். இரண்டு கிழமைகளுக்குள், மிச்சிகன் மாநிலத் தபாலகம் ஒன்றில் வேலையிழந்த தோமஸ் மக்இல்வேன் மேலதிகாரிகளைச் சுட்டார். மொரிஸும் பெங்கும் நியூயோர்க் ரைம்ஸையும், அங்கேயே வெளிவரும் சீன மொழி நாளேடு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். ஆங்கிலப் பத்திரிகை இரு கொலைகாரரின் மனக்கோளாறையும் சுபாவத்தையும் தோண்டியது. சீனப் பத்திரிகை மேற்பார்வையாளரோடு இருந்த உறவு, வேலை பறிபோனது, துப்பாக்கி எளிதில் கிடைத்தது என்று அடுக்கியது. வேலை கிடைத்திருந்தால் இந்தக் கொலை நடந்திருக்குமா என்று வாசகர்களைக் கேட்டபோது, நடந்திராது என்று சொல்லச் சீனர்களே கூடுதலாக ஆயத்தமாக இருந்தார்கள்.

இவையெல்லாம் மனிதர் யோசித்துச் சொன்னவை. ஒரு கணத் தீர்ப்பு அதற்கு முந்தியது. அதைப் பிடிப்பதற்கு ஜின்கியுங் நாவும் ஷினோபு கித்தயாமாவும் 2011இல் மூளை அலைகளை அளந்தார்கள். முகங்களையும், அந்த முகத்துக்குரியவர் செய்த காரியங்களையும் சேர்த்து நினைவில் வைக்கச் சொன்னார்கள். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு முகத்தைக் காட்டி ஒரு குணச்சொல்லைக் காட்டினார்கள். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள் பொருந்தும் குணச்சொல்லைச் சட்டென அடையாளம் கண்டார்கள். பொருந்தாத சொல் வந்தபோது, எதிர்பாராத சொல்லைக் கேட்டால் மூளையில் எழும் அலை எழுந்தது. அதாவது யாரும் கேட்காமலே அந்த முகத்தின்மேல் குணத்தை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். ஆசிய வம்சாவளியினரிடம் அந்த எழுத்து இல்லை. வேறுபாட்டுக்கு, தன்னை எவ்வளவு தூரம் தனித்தவராக ஒருவர் கருதுகிறார் என்பது ஒரு பகுதிக் காரணம். அமெரிக்கர்களுக்குள்ளேயே, தன்னலனையும் தன் இலக்கையும் முதலில் வைப்பவர்களிடம் இந்தத் தானியங்கிக் குணவாசிப்புக் கூட என்று லியனார்ட் நியூமன் 1993இலேயே காட்டியிருந்தார்.

ஆகவே, மேற்கு என்றால் அப்படி, கிழக்கு என்றால் இப்படி என்று கோடு கீற முடியாது. ஹொங்கொங்கில் யிங்-யி ஹொங்கும் மொரிஸும் வேறு சிலரும் 2000இல் செய்த ஆய்வைப் பாருங்கள். இரு பண்பாட்டிலும் ஊறிய மாணவர்கள். சிலருக்கு அமெரிக்கக் கொடிபோன்ற படங்கள், சிலருக்குச் சீனப் பறவைநாகம்போன்ற படங்கள். அதன் பின்னர் அதே மீன் கேள்வி. அமெரிக்கப் படம் கண்டவர்கள் மீனின் உள்ளே காரணம் தேடினார்கள், சீனப் படம் கண்டவர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள். ஒரே தலைக்குள் இரண்டு பார்வையும் இருக்கிறது; எது முன்னுக்கு வரும் என்பதை முன்னால் கிடக்கும் பொருள் முடிவு செய்கிறது.

வன்னியில் அந்தப் படங்களுக்குப் பதில் படிவங்கள். கடன் விண்ணப்பத்தில், வீட்டுத்திட்டப் பட்டியலில், வாழ்வாதார உதவித் திட்டத்தில் எல்லாம் ஒரு பெயர், ஓர் அடையாள அட்டை இலக்கம், ஒரு கையெழுத்து. படிவத்தின் முன்னால் இருக்கும் எவரும், அவர் ஒட்டுசுட்டானில் பிறந்தவராக இருந்தாலும், அந்த நேரத்துக்குச் சிக்காகோக்காரர்தான். கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் சித்தப்பாவுக்குப் படிவமே தேவையில்லை. முற்றத்தில் நிற்கும் லீசிங் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். பேருந்து ஒருநாளைக்கு எத்தனை தரம் வருகிறது, பிள்ளையின் ரியூசன் எத்தனை கிலோமீற்றர் தூரம் என்பது அவருடைய கண்ணுக்குள் விழுவதில்லை. 'கையேந்திப் பழகிட்டுதுகள்' என்ற வசனம் அவரிடமிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்திலும் அதைக் கேட்கலாம், புதுக்குடியிருப்பிலும் கேட்கலாம்.

அந்த வசனத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மிகப் பெரியது செட்டிகுளத்து மெனிக் பாம். முதல் மாதங்களில் வெளியே போக அனுமதியில்லை, ஆகவே உழைக்க வழியில்லை; கொடுப்பதை வாங்கித்தான் ஆகவேண்டும். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. அங்கிருந்து கடைசியாக வெளியேறியவர்களில், சொந்தக் காணிக்குப் போக விடப்படாமல் சீனியாமோட்டையில் இறக்கப்பட்ட கேப்பாப்பிலவு மக்களும் அடக்கம். கட்டளையால் கைகட்டப்பட்டு வரிசையில் நின்ற மனிதர்களைக் கண்டு, வரிசையில் நிற்பது அவர்களுடைய சுபாவம் என்று முடிவு செய்வதை ஜோன்ஸும் ஹரிஸும் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். ஆசிரியர் சொன்னபடி எழுதியவரைக் காஸ்ட்ரோவின் ஆதரவாளர் என்று எண்ணிய அதே கணக்கு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த தயா சோமசுந்தரம் இதை வேறு விதமாக வாசித்தவர். 2007இல் வடக்கைப் பற்றியும் 2010இல் வன்னியைப் பற்றியும் எழுதிய ஆய்வுகளில், நம்பிக்கையீனம், ஐயுறவு, மௌனம், பிறரில் தங்கியிருத்தல், செயலற்றிருத்தல் ஆகியவற்றைத் தனித்தனி ஆட்களின் குணக்கேடாகவோ நோயாகவோ எழுதாமல், சமூகம் முழுவதற்கும் ஏற்பட்ட கூட்டு மனவடுவின் அடையாளங்களாக எழுதினார். ஓர் ஆளை மட்டும் எடுத்து ஆராய்ந்து மருந்து எழுதும் முறை மேற்கில் உருவானது. குடும்பமும் ஊரும் சிதைந்த இடத்தில் அது போதாது என்பது அவருடைய வாதம். கட்டில் அருகே நின்று பழகிய வைத்தியர் ஒருவர் இப்படிச் சொல்வதை நான் பெரிய அறிவியல் துணிவாகக் கருதுகிறேன்.

கடல் கடந்து, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடமிருந்து வந்த ஒரு தரவையும் இங்கே வைக்கவேண்டும். 54 கிராமங்களில் 464 பேர். அறுவடைக்கு முன், அடைவுக்கடையும் கடனுமாக இருந்த காலத்தில் ஒரு தரமும், அறுவடைக்குப் பின் கையில் காசு இருந்த காலத்தில் ஒரு தரமும், ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் சாவோ ஆகியோர் அவர்களுக்குச் சிந்தனைப் பரீட்சை வைத்தார்கள். அதே மனிதர், சில மாத இடைவெளி. அறுவடைக்கு முன் கணிசமாகக் குறைந்த புள்ளிகள். 2013இல் வெளியான இந்த ஆய்வின் கணக்கு முறை பற்றி எதிர்வாதங்களும் எழுந்தன, விளைவின் பருமனை அப்படியே விழுங்கத் தேவையில்லை. ஆனால் ஆய்வின் வடிவம் அழகானது: ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிட்டதால், 'அவன் மட்டமானவன், அதுதான் கடன்' என்ற விளக்கத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது.

இவ்வளவையும் வாசித்த பிறகு, நாங்கள் கூட்டமாக வாழ்பவர்கள், சூழலை அறிந்தவர்கள், இந்தப் பிழையெல்லாம் வெள்ளைக்காரனுடையது என்று யாராவது மார்தட்டினால், அவருக்கு இரண்டு ஆய்வுகளைக் காட்டவேண்டும்.

முதலாவது 1998இல் இன்சியோல் சோயும் ரிச்சர்ட் நிஸ்பெற்றும் செய்தது. காஸ்ட்ரோப் பரிசோதனையின் மாதிரியில், கட்டளைப்படி எழுதப்பட்ட கட்டுரையைக் கொரியர்களிடம் கொடுத்தபோது, அவர்களும் அமெரிக்கர்களைப் போலவே எழுதியவரின் உள்ளக் கருத்து அதுதான் என்று நினைத்தார்கள். பிறகு, மதிப்பிடுவதற்கு முன்னர் அவர்களையே அதே நெருக்கடியில் கட்டளைப்படி ஒரு கட்டுரை எழுதவைத்தார்கள். கொரியர்களின் தீர்ப்புத் தளர்ந்தது. அமெரிக்கர்களுடையது அசையவில்லை. குணத்தைக் காணாத சமூகம் ஒன்று உலகத்தில் இல்லை. சூழலைக் கண்ணுக்கு முன் கொண்டுவந்து காட்டினால் அதை எடுத்துக்கொள்வதில்தான் வேறுபாடு. அந்தப் பழக்கம் ஊறிப்போனவர்களுக்குத் திருத்தும் வேலைகூடத் தானாக நடக்கும் என்று எரிக் நோல்ஸும் கூட்டாளிகளும் 2001இல் காட்டினார்கள். கவனத்தைப் பறிக்கும் மேலதிக வேலை கொடுத்தபோதும் ஹொங்கொங்க் மாணவர்கள் சூழலைக் கழித்துவிட்டே தீர்ப்புச் சொன்னார்கள். அமெரிக்க மாணவர்களால் அது முடியவில்லை.

இரண்டாவது இதைவிடச் சங்கடமானது. 1995, 1996இல் பங்குச் சந்தையிலும் உலோகச் சந்தையிலும் தனியாட்கள் செய்த மோசடிகள் பெரும் நிறுவனங்களை ஆட்டின. பாரிங்ஸ் வங்கியைக் கவிழ்த்த நிக் லீசன் ஒருவர், ஜப்பானின் சுமித்தோமோவைச் சேர்ந்த ஹமனக்கா இன்னொருவர். தன்யா மேனனும் மொரிஸும் வேறு இருவரும் 1999இல் எழுதியபடி, அமெரிக்கப் பத்திரிகை அந்த வியாபாரியின் குணத்தைச் சாடியது. ஜப்பானியப் பத்திரிகை நிறுவனத்தின் குணத்தைச் சாடியது. நிறுவனம் கவனமில்லாதது, ஒழுங்கில்லாதது. குணம் பார்ப்பதை அவர்கள் விடவில்லை. ஆளுக்குப் பதிலாகக் கூட்டத்துக்குக் குணம் எழுதினார்கள்.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு வேர்க்கவேண்டும். 'அந்தச் சனம் அப்பிடித்தான்', 'அந்த ஊராக்களை நம்பேலாது', 'அவளின்ர தாயும் இதே மாதிரித்தான்.' சாதி இதில் எப்படி வேலை செய்கிறது என்பதை விரித்து எழுதத் தேவையில்லை. புனர்வாழ்வு முகாம்களில் இருந்து திரும்பிய ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளில் எத்தனையோ பேருக்கு வேலை கேட்டுப் போன இடத்திலும் பெண் கேட்டுப் போன இடத்திலும் கிடைத்தது இத்தகைய கூட்டுத் தீர்ப்புத்தான். தனிமனிதப் பார்வை ஒருவரை அவருடைய சூழலிலிருந்து பிய்த்தெடுத்துப் பார்க்கிறது. எங்களுடைய பார்வை அவரை அவருடைய கூட்டத்துக்குள் அமுக்கிவிடுகிறது. இரண்டிலும் ஒரு கணத்துக்கு மேல் செலவாகாது.

குழுக்கடன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஏற்பாடு என்பது என் எண்ணம். காசைத் திரும்ப வாங்கும்போது கம்பனி கூட்டு வாழ்வை நம்புகிறது: அயலவள், மச்சாள், ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவள் என்ற உறவுகள்தான் பிணை, வேறு சொத்து எதுவும் ஈடில்லை. ஆனால் ஒருத்தி விழுந்துவிட்டால் விளக்கம் தனிமனிதப் பார்வைக்கு மாறிவிடும்: திட்டமிடத் தெரியாதவள், நிதி ஒழுக்கம் இல்லாதவள். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் குவான் பாப்லோ போகோஸ்லாவ்ஸ்கி நுண்கடன்களால் பெண்கள் படும் பாட்டை எழுதியபோது வட்டி வீதத்தையும் அறவிடும் முறையையும் கண்காணிப்பின் குறைபாட்டையும்தான் எழுதினார். கொழும்புக் கருத்தரங்குகளில் பேசப்பட்ட தீர்வோ பல தரம் 'நிதி அறிவுப் பயிற்சி.' படலையடிக்கு வந்த கம்பனிகளுக்கு அந்தப் பயிற்சி இருப்பதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் அமைச்சு ஒரு நிவாரணத்தை அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் எடுத்து, 2018 ஜூன் 30 அளவில் மூன்று மாதம் கட்டாமல் இருந்த பெண்களின் கடனை அரசு பொறுப்பேற்கும். முல்லைத்தீவும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ஊதாரியா, சிக்கனக்காரியா என்று யாரையும் கேட்கவில்லை. மழை பெய்யாத மாவட்டமா என்று கேட்டார்கள். சூழலைக் காரணமாக ஏற்றுக்கொண்ட அரச ஆவணம் இந்த நாட்டில் அபூர்வம். ஆனால் மூன்று மாதம் கட்டாமல் இருக்கவேண்டும் என்ற நிபந்தனைக்குள், தோட்டையும் சங்கிலியையும் அடைவு வைத்து, போதாததற்கு மீற்றர் வட்டிக்கும் வாங்கி, ஒரு கிழமை தவறாமல் கட்டியவள் அடங்கவில்லை. வரட்சி அவளுக்கும் அதே வரட்சிதான். அவளுக்குக் கிடைத்தது வேறொன்று: கம்பனியின் கொப்பியில் அவள் ஒழுங்கானவள், நாணயமானவள், அடுத்த சுற்றில் இன்னும் பெரிய கடனுக்குத் தகுதியானவள்.